சாத்தான் பலகையை வாங்கப் புதுச்சேரி போன நாள்

செப்டம்பர் 17, புதன்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினோம். எங்கள் ஊர் விழுப்புரத்துக்கு மேற்கே பதினான்கு கிலோமீட்டர். ஊரின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது படிக்கும்போது தெரியும். வண்டி, 'சின்ன யானை' என்று எல்லோரும் சொல்லும் சிறிய லோடு வண்டி. ஓட்டியவர் என் தங்கையின் கணவர் சின்னப்பன். வாடகை வேண்டாம், டீசல் போட்டால் போதும் என்று சொல்லியிருந்தார். விழுப்புரத்தில் எண்ணூறு ரூபாய்க்குப் போட்டோம்.

நான் பெயிண்டர். பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்குக் கை வியர்த்துவிடும். கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று பயந்தே கடைசி வரிசையில் உட்காருகிறவன். எழுதுவதென்றால் கொஞ்சம் வருகிறது.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மிக்கேல் சம்மனசு கோயிலில் ஒரு பழைய தேக்குப் பலகை உண்டு. நாலரை அடி உயரம், மூன்றரை அடி அகலம். அதில் சம்மனசு, அதாவது தேவதூதர், தலைக்கவசத்தோடு, இரண்டு பக்கமும் றெக்கை விரித்து, மார்பில் கேடயம் வைத்து நிற்பார். காலடியில் சாத்தான் குனிந்து கிடப்பான். இந்தப் பலகை புதுச்சேரியில் ஏதோ கோயிலை இடித்துக் கட்டியபோது பழைய மரச் சாமான்களோடு மாட்டு வண்டியில் வந்தது என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

திருவிழாவின் கடைசி நாள், தேர் கோயிலுக்குத் திரும்பியதும், பலகையை வாசற்படியில் சாய்த்து வைப்போம். வீட்டுக்கு ஒருவர் வந்து புது விளக்குமாற்றால் சாத்தானை மூன்று அடி அடிக்க வேண்டும். சாத்தானடி என்று அதற்குப் பெயர். குழந்தைக்குக் காய்ச்சல் விடாதவர்கள், குடிக்கிற புருஷன் வாய்த்தவர்கள், வழக்கில் தோற்றவர்கள் எல்லோரும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அடிப்பார்கள். அடியில் வர்ணம் உதிரும். அதனால் ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு முன்னால் பலகைக்குப் புதிதாக வர்ணம் பூசுவது எங்கள் வீட்டு நேர்ச்சை. அப்பாவுக்குப் பிறகு பத்தொன்பது வருஷமாக நான் பூசுகிறேன். பூசுகிற வீடு என்பதால் முதல் அடியும் எங்களுடையது.

இந்த வருஷம் பலகையில் கரையான் ஏறிவிட்டது. கோயில்களில் பழைய படங்களையும் சுரூபங்கள் என்கிற சிலைகளையும் பழுது பார்க்கும் ஓர் அம்மா புதுச்சேரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, எங்கள் பங்குச் சாமியார் ஏப்ரல் மாதமே பலகையை அனுப்பிவைத்தார். போன வாரம் அந்த அம்மா போன் செய்து, நேரில் வந்து ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாராம். ஃபாதர் தியானத்துக்குப் போய்விட்டார். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "நேர்ச்சைக்காரன் நீதான். பாத்துட்டு என்ன செய்யணும்னு நீயே சொல்லிடு. சனிக்கிழமை கொடியேத்தம், அதுக்குள்ள பலகை வந்துடணும்" என்றார்.

ஏழு மணிக்கு வளவனூர் தாண்டினோம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி முப்பத்தொன்பது கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி வரும், மறுபடி தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும். போர்டு பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். வரிசையாகச் சாராயக் கடையும் பார் விளக்கும் வந்தால் புதுச்சேரி.

"மச்சான், அந்தப் பையில இன்னா டப்பா டப்பாவா கெடக்குது?" என்று சின்னப்பன் கேட்டார்.

"பெயிண்ட் மாப்ள. கறுப்பு, செவப்பு, பச்சை. அங்கயே அடிச்சு எடுத்துக்கினு வந்துட்டா, சனிக்கிழமைக்குள்ள காஞ்சிடும்."

"கொம்பை இந்த வாட்டி கொஞ்சம் பெருசா வை. போன வருஷம் வெள்ளாட்டுக் கொம்பு மாதிரி இருந்துது. பாத்தா பயமே இல்ல."

திருபுவனையில் டீ குடித்தோம், ஒன்று பதினைந்து ரூபாய். வில்லியனூரில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் பதினைந்து நிமிஷம் போனது. இந்திரா காந்தி சிலையில் இடது பக்கம் திரும்பி, ராஜீவ் காந்தி சிலை வழியாகத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குள் நுழைந்தபோது எட்டு ஐம்பது.

பழுது பார்க்கிற இடம் என்றால் கோயிலை ஒட்டி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனிக்கும் லேத் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மட்டும் சுத்தமான வெள்ளைச் சுவர், பெரிய மேசைகள், கையை வளைத்து இழுக்கும் விளக்குகள். கை உடைந்த ஒரு அந்தோனியார் மூலையில் பஞ்சு மெத்தையில் படுத்திருந்தார். நாற்றம் எனக்குப் பழகியதுதான், தின்னர் மாதிரி. ஆனால் அதைவிட மெல்லியது.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பெயர் எலிசபெத். எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் இந்த வேலையைப் படித்துவிட்டு வந்தவராம். காட்டன் புடவை, அதன் மேல் கறை படிந்த ஏப்ரன், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி.

"போன்ஜூர், வாங்க. சாப்டீங்களா? வழி கண்டுபிடிச்சீங்களா?" என்றவர், என் பையைப் பார்த்தார். "அது இன்னா?"

நான் ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினேன். இருநூறு மில்லி கறுப்பு எனாமல். மதாம் அதையும் பையையும் வாங்கி, மேசையில் இருந்த ஓவியங்களுக்கு ரொம்ப தூரத்தில், ஜன்னல் திட்டில் கொண்டுபோய் வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதைத்தான் வருஷா வருஷம் அடிக்கிறீங்களா?"

"ஆமாங்க. நல்ல கம்பெனிதான். மழைக்குக்கூட போவாது."

"அதான், கரையான் பட்ட எடத்துல இதை எடுக்கவே எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு."

சின்னப்பன் சிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மதாம் என்னை ஒரு மைக்ராஸ்கோப் பக்கம் உட்கார வைத்தார். பலகையிலிருந்து குண்டூசித் தலை அளவு ஒரு சில்லை எடுத்து, அதன் ஓரம் தெரியும்படி வைத்திருந்தார். பார்த்தேன். அடுக்கு அடுக்காகக் கோடுகள். கறுப்பு, பழுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு. மேலே இருந்த பளபளப்பான கோடுகள் என்னுடையவை என்று சொல்லாமலே தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன் கடையில் கறுப்பு இல்லாததால் கரும்பச்சை அடித்தேன். அந்தக் கோடு கூட அங்கே இருந்தது. அதற்குக் கீழே செம்மண் போல ஒரு சிவப்பு. அது என் அப்பா. அவர் தரைக்குப் பூசும் ஆக்சைடைத்தான் கலப்பார். அப்பா இறந்து பத்தொன்பது வருஷம் கழித்து, மயிரிழை அளவு கோடாக அவரைப் பார்த்தேன்.

"நாப்பது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் வுட்டுட்டேன்," என்றார் மதாம். "ஒண்ணு கேக்கணும். சம்மனசு மேல இருக்கிறதைவிட, கீழ இருக்கிற ஆள் மேல பெயிண்ட் மூணு மடங்கு தடிப்பா இருக்குது. மரமே நசுங்கியிருக்குது. ஏன்?"

சாத்தானடியைப் பற்றி எங்களுக்கு வெளியாளிடம் சொல்லிப் பழக்கமில்லை. நான் சின்னப்பனைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார், கையை ஓங்கிக் காட்டியே சொன்னார். மதாம் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் உள் மேசைக்குப் போய், வெள்ளைத் துணியை விலக்கினார்.

மேல் பாதி எங்கள் பலகை. சம்மனசின் முகம், றெக்கை, கேடயம் எல்லாம் நான் பூசியபடியே இருந்தன. கீழ்ப் பாதியில் சாத்தான் இல்லை.

ஒரு மனிதர் இருந்தார். இடுப்பில் முழங்கால் வரை ஒரு துண்டு. தலையில் குடுமி. காதில் கடுக்கன். முதுகை வளைத்து, மேலே உள்ள கேடயத்தைத் தோளில் சுமந்துகொண்டு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியிருந்தார். நான் பாம்பு என்று நினைத்து ஒவ்வொரு வருஷமும் பச்சை அடித்தது, அவர் கழுத்திலிருந்து தரைக்கு ஓடிய சங்கிலி. நான் வரைந்த கொம்புக்குக் கீழே இருந்தது நெற்றி. கண்கள் நேராக எங்களைப் பார்த்தன. நிறம் எங்கள் நிறம். எந்தக் கோயில் படத்திலும் அந்த நிறத்தில் ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"மச்சான், நம்ம மேலத்தெரு ராயப்பன் மாதிரியே இருக்காரு பாரு," என்று சின்னப்பன் சொன்னார். வழக்கமான கிண்டல்தான். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.

மதாம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்தேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அது சம்மனசுப் பலகையே இல்லை. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பெரிய குடும்பங்களுக்குத் தனித்தனியாக ஒரு சின்னம் இருக்கும்; பிளாசோன் என்கிறார் மதாம். வீட்டில் ஒருவர் இறந்தால், அந்தச் சின்னத்தைப் பலகையில் வரைந்து வீட்டு வாசலில் மாட்டி, பிறகு கோயிலில் கொண்டுபோய் வைப்பார்களாம். அதில் மேலே ஒரு இரும்புத் தலைக்கவசம் இருக்கும். அதிலிருந்து துணி இலை இலையாகக் கிழிந்து இரண்டு பக்கமும் தொங்கும். நடுவில் கேடயம். கேடயத்தைத் தாங்க இரண்டு சிங்கமோ வேறு ஏதோ நிற்கும். எங்கள் ஊருக்கு வந்தபோது, தலைக்கவசத்துக்குள் யாரோ ஒரு முகம் வரைந்திருக்கிறார்கள். கிழிந்த துணி றெக்கை ஆகிவிட்டது. சிங்கத்துக்குப் பதிலாக, இந்தப் பலகையைச் செய்வித்த வீட்டுக்காரர் தாங்க வைத்தது ஒரு ஆளை.

"கேடயத்துல ஒரு கப்பல் இருக்குது, ஒரு சின்ன எடத்துல தொறந்து பாத்தேன்," என்றார். "இந்த ஊர்லருந்து ஆளுங்களை வாங்கி, கப்பல்ல ஏத்தி, தீவுங்களுக்கு அடிமையா அனுப்பின யாவாரிங்க இருந்தாங்க. இந்தப் பலகைக்காரரு அதுல யாருன்னு எனக்குத் தெரியாது. பேரு எழுதின எடத்தைக் கரையான் தின்னுடுச்சு. அதனால இதுக்கு மேல நான் சொன்னா அது கதை."

"இவரு?" என்று சங்கிலியோடு இருந்தவரைக் காட்டிக் கேட்டேன். அன்று நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"இவரு பேரை எழுதியே இருக்க மாட்டாங்க."

பிறகு வேலையைப் பற்றிப் பேசினார். இரண்டு வழிதான் உண்டு என்றார். முழுப் பலகையையும் திறக்கலாம். அப்படிச் செய்தால் எங்கள் சம்மனசு போய்விடுவார், அப்பாவின் சிவப்பும் போய்விடும், ஒரு வியாபாரியின் சாவுப் பலகைதான் மிஞ்சும். இல்லையென்றால், இந்த மனிதர் மேல் மெல்லிய காகிதத்தை மீன் பசையால் ஒட்டி மூடித் தருவார். அதன் மேல் நான் சாத்தானைப் பூசிக்கொள்ளலாம். "மூடித் தருவேன். அதுக்கு மேல ஒரு கோடு நான் போட மாட்டேன். பலகை உங்களுது. மத்தியானத்துக்கு மேல சொல்லுங்க."

சின்னப்பன் வண்டியின் டயரைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. ஃபாதர் தியானத்தில் ஒரு மணிக்குத்தான் போனை எடுப்பார். அதுவரை எங்காவது போக வேண்டும் என்று ஒரு ஆட்டோவை நிறுத்தி, கடற்கரை என்றேன். நாலு கிலோமீட்டர், நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு வந்தார்.

"ஊருக்குப் புதுசா? பிரெஞ்சுக்காரன் தெருவுல எறக்கி வுடட்டா? மஞ்ச செவுத்துக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கினு போவலாம்," என்றார் டிரைவர்.

"வாணாங்க. கடல்தான்."

"அதான் பிரீ," என்றார்.

வழியில் அந்த மஞ்சள் சுவர்களைப் பார்த்தேன். தொழில்காரன் என்பதால் கண் போய்விட்டது. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஜன்னல் ஓரத்து வெள்ளைப் பட்டை நூல் பிடித்தது போல இருந்தது. பழைய வீட்டுக்குப் பழைய நிறம் எது என்று பார்த்துப் பார்த்துப் பூசியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் எந்த டப்பா மீந்திருக்கிறதோ அதுதான் சம்மனசுக்கு நிறம்.

கடற்கரையில் வெயில் கொளுத்தியது. கூட்டம் இல்லை. டிரைவரும் இறங்கி என்னோடு வந்து, தண்ணீருக்குள் நின்ற சில இரும்புத் தூண்களைக் காட்டினார். "பழைய கப்பல் பாலம். அதுக்கும் முன்னால பாலமே இல்லியாம். கப்பல் தூரமா நிக்குமாம். சரக்கு, ஆளு எல்லாத்தையும் சின்ன படகுல வச்சு, அலையைத் தாண்டிக் கொண்டு போவாங்களாம்."

"போனவங்க திரும்பி வந்தாங்களா?"

"அது எனக்கு எப்படித் தெரியும் சார்? நான் இங்க ஆட்டோ ஓட்டறவன்."

சங்கிலியோடு படகில் உட்கார்ந்தால் அலையில் எதைப் பிடித்துக்கொள்வது என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்க வரவில்லை.

ஒரு மணிக்கு அங்கிருந்தே ஃபாதருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், திக்கித் திக்கித்தான். அவருக்கும் அதிர்ச்சிதான்.

"இதை இப்ப சொன்னா திருவிழா என்னப்பா ஆவும்? ஜனங்க வெளிநாட்லருந்தெல்லாம் லீவு போட்டுட்டு வந்திருக்காங்க. இந்த ஒரு வருஷம் மூடி வச்சுட்டு நடத்திடலாமா? முடிஞ்சதும் மெதுவா பேசலாம்."

"மூடி வச்சா கடைசி நாள், இருபத்தெட்டாம் தேதி, அடிக்கணுமே ஃபாதர்."

"வழக்கம்தானே."

"மொதல் அடி நான் அடிக்கணும்."

"உன்கிட்ட வுட்டேன்னு சொல்லிட்டேன். நான் பேச்சு மாற மாட்டேன். ஆனா ஊருக்குப் பதிலும் நீதான் சொல்லணும்," என்று வைத்துவிட்டார்.

நான் திரும்பிப் போனபோது மணி இரண்டு. சின்னப்பன் உள்ளே அந்த மனிதரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். டயர் பார்த்தவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. மதாம் சோறும் மீன் குழம்பும் வைத்துச் சாப்பிடச் சொன்னார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்து, "மூட வாணாம் மதாம்," என்றேன்.

"அப்போ முழுசா தொறக்கவா?"

"அதுவும் இப்ப வாணாம். இப்படியே கொண்டு போறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. மேல சம்மனசு, கீழ இந்த ஆளு. இப்படியே பாத்தா சம்மனசு இவரை மிதிக்கிற மாதிரி இருக்கும். அது ரொம்பத் தப்பு."

"தப்புதாங்க. அதைத்தான இத்தனை வருஷமா செஞ்சுக்கினு இருந்தோம். ஊரு ஒரு தடவ பாக்கட்டும். எனக்கு எடுத்துச் சொல்ல வராது. காட்ட வரும். பாத்துட்டு, சம்மனசையும் எடுத்துடலாம்னு அவங்க சொன்னா திரும்பக் கொண்டாறேன்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மதாம் ஒரு தாளை எடுத்து நிபந்தனைகளை எழுதினார்: மெழுகுவர்த்தி பக்கத்தில் கூடாது, எண்ணெய் தொடக் கூடாது, பூமாலை போடக் கூடாது, ஈரத் துணி கூடாது, விளக்குமாறு கூடாது. கையெழுத்துப் போட்டேன். வேலைக்கான கூலியை ஃபாதரோடு பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஜன்னல் திட்டில் இருந்த என் டப்பாக்களை அவர் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

பலகையைத் துணியிலும் பஞ்சுத் தாளிலும் சுற்றி, தூக்கினோம். எங்கள் ஊரில் அதைத் தூக்கும்போது சாத்தான் பக்கம் தரையில் இடித்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அன்று சின்னப்பன் அந்தப் பக்கத்தைப் பிடித்தார். "மெதுவா, மெதுவா," என்று எனக்குச் சொன்னார். வண்டியில் சாக்கு விரித்து, தன் லுங்கியையும் பையிலிருந்து எடுத்து மடித்துக் கீழே வைத்தார்.

மூன்று ஐம்பதுக்குத் தட்டாஞ்சாவடியை விட்டோம். சாலையில் பள்ளிக்கூடம் விட்ட கூட்டம். புதுச்சேரியைப் பற்றிக் கேட்டால் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சுத்தமான தெருக்கள், அழகான சுவர்கள், மரியாதையான மனிதர்கள். அந்த ஊர் வேண்டாமென்று வண்டியில் ஏற்றி அனுப்பியதை நாங்கள் வாங்கிக்கொண்டோம். சுமக்க வைத்தவர்கள் அவர்கள். அடித்தவர்கள் நாங்கள். இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்டமங்கலம் வேகத்தடையில் சின்னப்பன் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்து ஏற்றி இறக்கினார்.

"மூணு அடிதான் கணக்கு மச்சான். எங்க அண்ணன் நெலத்தை ஏமாத்தி எழுதிக்கினான் பாரு, அந்த வருஷம் நான் பத்துப் பதினஞ்சு அடிச்சேன். மூஞ்சியிலயே."

நான் திரும்பி, பின்னால் துணி சுற்றிக் கிடந்த பலகையைப் பார்த்தேன்.

"ஊர்ல சண்டைக்கு வருவாங்க. பரம்பரை வழக்கத்தைக் கெடுத்துட்டான்னு உன்னைத்தான் சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"எந்திரிச்சு நின்னா உனக்குப் பேச்சே வராதே. கொடியேத்தத்துல அவ்ளோ பேர் முன்னால இன்னா சொல்லப் போற?"

அதைத்தான் கடற்கரையிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தேன். கப்பல், வியாபாரி, பிளாசோன் எல்லாம் என் வாயில் நிற்காது. ஒரே ஒரு வரிதான் நின்றது. அதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மொதல் அடி என்னுது. அதனால மொதல்ல நான் மன்னிப்புக் கேக்கறேன்."

"யார்கிட்ட? ஜனங்ககிட்டயா?"

"இல்ல மாப்ள. துணியை எடுத்துட்டு, அவருகிட்ட."